மைனா கூப்பிட்டபோது

பேருந்தில் போகும்போது யெர்சின் தன் கனவைச் சொன்னான். யெர்சின் என் மகன், ஆறு வயது.

"பெரிய தாத்தா குதிரையில வந்தாரு. 'ஏறிக்கடா, போலாம்'னு கூப்பிட்டாரு."

"செத்துப்போன தாத்தாவா?" தோல்கனாய் அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். அவள் என் அக்கா ஸவ்ரேயின் மகள், எட்டு வயது. "நீ பதில் சொல்லிட்டியா? சொன்னா அவ்வளவுதான். கையோட கூட்டிட்டுப் போயிடுவாங்க."

"நான் என்ன மக்கா? இப்படிப் பொத்திக்கிட்டேன்." இரண்டு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வாயை அழுத்திக் காட்டினான். கண்கள் மட்டும் உருண்டன.

"குதிரை என்ன பண்ணிச்சு?"

"சாணி போட்டுச்சு. அப்புறம் முழிச்சுட்டேன்."

அவள் சிரித்தாள். கனவு என்பது மூளை பகலில் சேர்த்ததை ராத்திரியில் அடுக்கி வைக்கும் வேலை, அடுக்கும்போது சிலது கை தவறிக் கீழே விழும், அதைத்தான் நாம் பார்க்கிறோம் என்று நான் சொல்லிக்கொண்டு வந்தேன். பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவன் நான். யாராவது ஒன்று கேட்டால், கேட்காவிட்டாலும்கூட, சொல்லாமல் இருக்க முடியாது. அன்றைக்கு அந்தப் பழக்கத்தைத்தான் நம்பியிருந்தேன். பேசிக்கொண்டே இருந்தால் என் முகத்தை யாரும் பார்க்க மாட்டார்கள்.

முந்தின நாள் ராத்திரி தலைநகர ஆஸ்பத்திரியில் என் அக்கா இறந்துவிட்டாள். அவள் கணவர் உடலோடு ரயிலில் வந்துகொண்டிருந்தார். தோல்கனாய்க்குத் தெரியாது.

எங்களிடையே சாவுச் செய்தியை யாரும் போட்டு உடைக்க மாட்டார்கள். சொல்வதற்கென்று ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். உறவுக்காரர்கள் எல்லோரும் வந்து சுற்றி உட்கார்ந்த பிறகு, அவர் எங்கோ தொலைவில் ஆரம்பித்து, ஏரி, பறவை என்று சுற்றிச் சுற்றி நெருங்குவார். கேட்கிறவர் மனசு ஒவ்வொரு படியாக இறங்கும். கடைசிப் படியில் கால் வைக்கும்போது பிடித்துக்கொள்ள நாலு பக்கமும் கைகள் இருக்கும். வண்டிச் சக்கரத்துக்கும் இருக்கைக்கும் நடுவில் சுருள்வில் வைக்கிறோமே, அதே ஏற்பாடு. பள்ளம் மாறாது, உடம்பில் விழும் அடிதான் குறையும்.

எங்கள் வீட்டில் அதைச் சொல்ல வேண்டியவர் துங்கிஷ்பை பெரியப்பா. காலையில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மார்குலான், ஆளுங்க வந்து சேர சாயங்காலம் ஆயிடும். அதுவரைக்கும் பிள்ளைய எங்கயாவது வச்சுக்க. உன் வாயிலருந்து ஒரு வார்த்தை வரக் கூடாது. மூஞ்சியிலயும் காட்டாத. தெருவுல தனியா நின்னு தெரிஞ்சுக்கிட்டா அந்த அடி ஆயுசுக்கும் ஆறாது."

எங்கே போகலாம் என்று தோல்கனாயைக் கேட்டேன். யோசிக்கவே இல்லை. "மிருகக்காட்சிசாலை" என்றாள்.

அக்டோபர் கடைசி. இலைகள் கொட்டி, எங்கோ சருகு எரியும் புகை நடைபாதையில் தாழ்வாகப் படர்ந்திருந்தது. வெயில் நாட்டு விலங்குகளைக் கொட்டகைக்குள் மாற்றிவிட்டார்கள். கூண்டுகள் பலவும் காலி. பெயர்ப்பலகைகள் மட்டும் தொங்கின. வரிக்குதிரையின் படத்துக்குப் பின்னால் ஈர வைக்கோல். தண்ணீர்த் தொட்டியில் மெல்லிய பனித்தகடு. எங்களைத் தவிர யாரும் கண்ணில் படவில்லை.

ஒட்டகச்சிவிங்கிக் கொட்டகையில் அது கால்களை அகட்டிக் குனிந்து தண்ணீர் குடித்தது.

"அப்பா, அவ்ளோ ஒசரத்துலருந்து தலைய கீழ போட்டா ரத்தம் எல்லாம் தலைக்கு வந்து வெடிக்காதா?"

நல்ல கேள்வி. கழுத்து ரத்தக்குழாய்க்குள் சின்னச் சின்னக் கதவுகள் இருக்கின்றன, இதயத்தை நோக்கி மட்டும் திறக்கும், குனிந்தால் தானாகச் சாத்திக்கொள்ளும் என்று விளக்கினேன். யானை காலால் கேட்கும் என்றும் சொன்னேன். நம் காதுக்கு எட்டாத அடிக்குரலில் அது பேசும்போது தரை அதிரும், தொலைவில் நிற்கிற இன்னொரு யானை அதைப் பாதத்தில் வாங்கிக்கொள்ளும்.

"அப்ப நமக்குக் கேக்காம நம்மளச் சுத்தி நெறைய பேர் பேசிக்கிட்டிருக்காங்களா மாமா?" என்றாள் தோல்கனாய்.

"யானைங்க பேசும்."

"உங்களுக்கு எல்லாமே தெரியுமா?"

"கேட்டுப் பாரேன்."

"அம்மா எப்ப வருவாங்க?"

நான் கோட்டுப் பையில் கையை விட்டு காயவைத்த உப்புத் தயிர் உருண்டை ஒன்றை எடுத்து அவளிடம் நீட்டினேன். "வீட்டுக்குப் போய்ப் பெரியவங்களக் கேப்போம்" என்றேன். அவள் அதை வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள்.

"பறவை வீட்டுக்குப் போலாம். அதுக்குத்தான் வந்தேன்."

பறவை வீடு பழைய கட்டடம். இரட்டைக் கதவு, முதல் கதவைச் சாத்திய பிறகுதான் அடுத்ததைத் திறக்க வேண்டும். உள்ளே வெதுவெதுப்பாக, ஈரமாக இருந்தது. கண்ணாடிகளில் நீராவி படிந்து வெளியே இருந்த உலகம் வெறும் வெள்ளையாகிவிட்டது. குழாய்களில் வெந்நீர் ஓடும் சத்தம். கிளிகள் எல்லாம் இறகை உப்பிக்கொண்டு அசையாமல் இருந்தன.

அப்போது யாரோ இருமினார்கள்.

வறண்ட இருமல். இரண்டு சின்னது, ஒரு நீளம், கடைசியில் மூச்சை இழுக்கும் ஒரு சீழ்க்கை. நான் நின்றுவிட்டேன். போன பனிக்காலம் முழுக்க என் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்ட இருமல் அது.

தோல்கனாய் என் கையைப் பிடித்து இழுத்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "அம்மா இருமல்! கேட்டீங்களா? மைனாதான் மாமா. திருட்டுப் பறவை!"

மூலையில், தூணுக்குப் பக்கத்துக் கூண்டில், கன்னங்கரேலென்று ஒரு மலை மைனா. பிடரியில் மஞ்சள் தோல் மடிப்பு. தலையை ஒரு பக்கம் சாய்த்து எங்களைப் பார்த்தது.

"ஞாயித்துக்கிழமை ஆனா நானும் அம்மாவும் இங்கதான். எனக்கு மூணு வயசு இருந்தப்பலருந்து. அம்மா அந்தத் தூணுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டு 'ஒட்டகக்குட்டி, எங்கடி இருக்க?'ன்னு செல்லமாக் கூப்பிடுவாங்க. நான் பதில் சொல்லணும். இது கேட்டுக் கேட்டுக் கத்துக்கிச்சு. அம்மா ஆஸ்பத்திரியிலருந்து வர்ற வரைக்கும் இது பேசுறதக் கேக்கலாம்ல?"

நான் குனிந்து அவள் கோட்டுப் பொத்தான்களைக் கழற்றிவிட்டேன்.

தொட்டிகளில் பழம் வெட்டிப் போட்டுக்கொண்டிருந்த ஸோயா, அங்கே வேலை பார்க்கும் ரஷ்யக்கார அம்மாள், கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"அடடே, என் ஒட்டகக்குட்டியா! எவ்வளவு நாளாச்சு! உங்கம்மா எங்கடி?" அவள் பதிலுக்குக் காத்திருக்காமல் என் பக்கம் திரும்பினாள். "தம்பி, நீங்களே கேளுங்க இந்த அநியாயத்த. பனிக்காலத்துலருந்து இது வாயே திறக்கல. டாக்டர் வந்து பாத்துட்டு, வயசாயிடுச்சுன்னுட்டுப் போயிட்டாரு. இன்னிக்குக் காலைல கதவத் திறக்குறேன், உள்ள யாரோ இருமுறாங்க. விளக்கப் போட்டுப் பாத்தா, இதுதான். அப்பலருந்து நிறுத்தவே இல்ல."

"இன்னிக்குக் காலைலயா?"

"ஆமா தம்பி. நேத்து சாயங்காலம் பூட்டுறப்பகூடச் சும்மாதான் இருந்துச்சு."

என் வாய் தானாகவே விளக்க ஆரம்பித்தது. பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல் எனக்கே சொல்லிக்கொண்டேன். மனிதனுக்குக் குரல் தொண்டையில் பிறக்கிறது. பறவைக்கு இன்னும் கீழே, மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில். இரண்டு கிளையிலும் தனித்தனிச் சவ்வு. அதனால் ஒரே நேரத்தில் இரண்டு ஒலி எழுப்ப முடியும். அலகைத் திறக்கவும் தேவையில்லை. இளம் வயதில் கேட்டது அழியாமல் தங்கும். மாதக்கணக்கில் பேசாமல் இருந்துவிட்டு, குளிர் மாறினாலோ விளக்கு மாறினாலோ திடீரென்று—

"அப்பா, சும்மா இருங்க. கூப்பிடப் போகுது" என்றான் யெர்சின்.

மைனா இருமியது. பிறகு, அலகு மூடியபடியே இருக்க, என் அக்கா பேசினாள்.

"ஒட்டகக்குட்டி, எங்கடி இருக்க?"

குரல் மட்டுமல்ல. 'எங்கடி'யில் அவள் சிரிப்பை அடக்குவது, முடிக்கும்போது மூச்சு போதாமல் போவது, எல்லாம் இருந்தது. தூணுக்குப் பின்னாலிருந்து வந்தது போலவே இருந்தது. அந்தப் பக்கம் பார்க்கக் கூடாது என்று கழுத்தை இறுக்கிக்கொண்டேன்.

தோல்கனாயின் முகம் மலர்ந்தது. பதில் சொல்ல மூச்சை இழுத்தாள். அவள் மார்பு நிமிர்வதைப் பார்த்தேன். உதடு பிரிந்தது.

என் கை அவள் வாயைப் பொத்தியது.

நான் யோசிக்கவில்லை. ஒரு கை போதாதென்று இன்னொரு கையையும் அதன்மேல் வைத்து அழுத்தினேன். சவ்வு, மூச்சுக்குழாய், நினைவு என்று அரை நிமிஷத்துக்கு முன்னால் பேசியவன் நான்தான்.

"ஏம்ப்பா அக்கா வாயப் பொத்துறீங்க?" யெர்சின் சிரித்தான். "கனவுல நான் பண்ண மாதிரியே..." பாதியில் நிறுத்திக்கொண்டான்.

என் விரல்களுக்கு மேல் தோல்கனாயின் கண்கள் என்னைப் பார்த்தன. எங்கள் ஊரில் எந்தப் பிள்ளைக்கும் தெரியும், யாருடைய அழைப்புக்கு மட்டும் பதில் சொல்லக் கூடாது என்று. அந்தக் கண்களில் அது மெல்ல வந்து உட்காருவதைப் பார்த்தேன். படிகள் இல்லை, சுற்றி யாரும் இல்லை. நான் கையை எடுத்தேன். அவள் உள்ளே இழுத்த மூச்சைச் சத்தமில்லாமல் வெளியே விட்டாள்.

மைனா தலையை மறு பக்கம் சாய்த்தது. காத்திருந்தது. குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும்.

பிறகு அதே கூண்டிலிருந்து மழலைக் குரல் ஒன்று கேட்டது.

"இங்க இருக்கேன்!"

ஸோயா கைகொட்டினாள். "அட, இது புதுசு! இந்தக் குரல இது பண்ணி நான் கேட்டதே இல்லையே!"

வெளியே புகை இன்னும் தாழ்ந்திருந்தது. தோல்கனாய் பெஞ்சில் உட்கார்ந்தாள். அழவில்லை. யெர்சின் அவள் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்து, பையிலிருந்த சூரியகாந்தி விதையை அவள் உள்ளங்கையில் கொட்டினான்.

"மாமா, அது என் குரல்."

"நீ சின்னதா இருந்தப்ப சொன்னது. அப்பவே அது மனப்பாடம் பண்ணிடுச்சு."

"நான் வாயத் திறக்கல. ஆனா என் குரல்தான் பதில் சொல்லுச்சு. அது நான் சொன்னதா ஆகுமா?"

இதுவரை யாரும் என்னிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. "ஆகாது" என்றேன். ஏன் ஆகாது என்று காரணம் தேடினேன். "அந்தக் குரலுக்குச் சொந்தக்காரிக்கு மூணு வயசு. அவ இப்ப எங்கயும் இல்ல. நீ எட்டு வயசுக்காரி. நீ வேற."

அவள் உள்ளங்கையிலிருந்த விதைகளை விரலால் ஒவ்வொன்றாக ஒதுக்கினாள்.

"சரி. அப்ப அம்மா அவளக் கூட்டிட்டுப் போகட்டும்."

யெர்சின் என்னைப் பார்த்தான். நான் பறவை வீட்டுக் கதவைப் பார்த்தேன். அது சாத்தித்தான் இருந்தது.

"வீட்டுல எல்லாரும் வந்திருப்பாங்களா?" என்று கேட்டாள்.

"வந்திருப்பாங்க."

"துங்கிஷ்பை தாத்தா சொல்வாரா?"

"ஆமாம்மா."

"அவரு நெறைய யோசிச்சு வச்சிருப்பாரு. நான் தெரியாத மாதிரியே உக்காந்துக்கிறேன். யெர்சின், நீ உளறக் கூடாது."

"நான் என்ன மக்கா?" என்றான் அவன், மிகவும் மெதுவாக.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கூடம் நிறைந்திருந்தது. அவளை நடுவில் உட்கார வைத்தார்கள். பெரியப்பா தொண்டையைச் சரிசெய்துகொண்டு ஒரு மலையேரியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். பனி வருகிற காலத்தில் அங்கே ஒரு வெள்ளை அன்னம் தன் குஞ்சோடு இருந்தது. அதற்கு இறகு வலித்தது. தெற்கே போகிற கூட்டம் அதைக் கூப்பிட்டது. ஒவ்வொரு படியாக அவர் இறங்கினார். கடைசிப் படியில் தோல்கனாய் அழுதாள். அப்போதுதான் அன்றைக்கு முதல் தடவையாக அழுதாள். நாலு பக்கமிருந்தும் கைகள் நீண்டன. பெரியப்பா என்னைப் பார்த்துத் தலையசைத்தார்: நல்ல வேலை செய்தாய், பிள்ளை நம்மிடமே தெரிந்துகொண்டாள். நானும் தலையசைத்தேன்.

பெண்கள் குரலெடுத்து அழத் தொடங்கினார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவே தோல்கனாய் சட்டென்று அழுகையை நிறுத்தினாள். தலையை ஒரு பக்கம் சாய்த்து வாசல் பக்கம் திரும்பினாள். பிறகு இரண்டு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டாள்.

"பாவம், அழுகைய அடக்குது" என்றாள் யாரோ ஒரு அத்தை. "அழட்டும், விடுங்க."

அறையின் அந்தக் கோடியில் யெர்சினும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தான். நான் காதைத் தீட்டினேன். எனக்கு எதுவும் கேட்கவில்லை.