முன்னால் ஐந்து, பின்னால் ஐந்து

டிவியின் மேல் யாரோ போர்த்திவிட்டிருந்த படுக்கை விரிப்புக்குள் தலையை நுழைத்துக்கொண்டு அவள் ரிமோட்டை அழுத்திக்கொண்டிருந்தாள். சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்திருந்தாள். விரிப்புக்கு வெளியே, கை நீட்டினால் எட்டும் தூரத்தில், அவளுடைய அப்பா ஸ்ட்ரெச்சரில் கிடந்தார். விடிகாலையில் ஆஸ்பத்திரியில் உயிர் போயிருந்தது. இப்போது மணி பதினொன்று பத்து.

"பாப்பா, வெளிய வா. சாவு வீட்டுல டிவியை நோண்டிட்டிருக்கே. வந்தவங்க என்ன நினைப்பாங்க," என்று விரிப்பின் மேலேயே தட்டினார் சித்தப்பா. எதற்கும் எல்லோருக்கும் முன்னால் கத்தத் தொடங்குகிறவர் என்பதால் வீட்டில் அவருக்கு 'அலாரம்' என்று பெயர்.

"அஞ்சே நிமிஷம் சித்தப்பா."

"எங்கண்ணன் மாதிரியே அஞ்சு நிமிஷம் கணக்கு. வண்டி பன்னெண்டுக்கு வருது, ஞாபகம் இருக்கட்டும்."

அப்பா லிப்ட் மெக்கானிக். இரண்டு மாதத்துக்கு முன்னால் உள்ளூர் கேபிள் சேனல்காரர்கள் வந்து, உழைக்கிறவர்களைப் பற்றிய அரை மணி நேர நிகழ்ச்சிக்காக அவரைப் பேசவைத்துப் படம் பிடித்துப் போனார்கள். அன்றிலிருந்து தெருவில் அவர் அதைச் சொல்லாத ஆள் பாக்கி இல்லை. கடைசியில் அது நேற்று மாலை ஏழரைக்கு ஒளிபரப்பானபோது அவர் மூக்கில் குழாயோடு படுத்திருந்தார். "ரெக்கார்டர்ல போட்டுட்டுத்தான் வந்திருக்கேன். வீட்டுக்குப் போய்ப் பாத்துக்கலாம்," என்று மட்டும் சொன்னார்.

காலையில் அவரோடு வீட்டுக்கு வந்தவள் முதலில் அதைத்தான் தேடினாள். 'பதிவு தோல்வி, 0 நிமிடம்' என்றது திரை. சேனலுக்குப் போன் செய்தாள். "காப்பியெல்லாம் வைக்கிறதில்லீங்க. இன்னிக்குப் பதினொன்றரைக்கு மறு ஒளிபரப்பு. அதோட அழிச்சிடுவோம்," என்றான் எடுத்தவன். அப்பா நடமாடுவதும் பேசுவதுமாக வேறு ஒரு துண்டுப் படம்கூட வீட்டில் கிடையாது. இருந்ததெல்லாம் போட்டோக்கள்தான். அவற்றிலும் பாதியில் கண்ணை மூடியிருந்தார். அந்தத் தெருவில் ரெக்கார்டர் வாங்கிவைத்த ஒரே மனிதர், தன்னைப் பதிந்துகொள்ள முடியாமல் போய்விட்டார்.

கேபிளைப் பிடுங்கி மறுபடி மாட்டினாள். டிஸ்க்கில் நாற்பது மணி நேரத்துக்கு இடம் காலி. சோதனைக்கு ஒரு நிமிடம் பதிந்து பார்த்தாள்; அழகாகப் பதிந்தது. பதினொன்றரை நிகழ்ச்சியைப் பதியச் சொன்னாள், அதற்கும் பெட்டி தலையாட்டியது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. விரிப்புக்குள்ளேயே கிடந்தாள். வியர்வை கண்ணில் இறங்கியது.

சரியாகப் பதினொன்று இருபத்தைந்துக்கு நிகழ்ச்சியின் பெயருக்கு எதிரே சிவப்புப் பெருக்கல் குறி விழுந்தது. கீழே 'டியூனர் காலி இல்லை' என்றிருந்தது. ஒரு நிகழ்ச்சியைப் பிடித்துப் பதிய ஒரு டியூனர் வேண்டும்.

பதிவுப் பட்டியலைத் திறந்தாள். அப்பா முன்ஜாக்கிரதை முத்தண்ணா. தொடக்கமும் முடிவும் வெட்டுப்பட்டுவிடக் கூடாதென்று, எதைப் பதிந்தாலும் ஐந்து நிமிடம் முன்னால் தொடங்கி ஐந்து நிமிடம் பின்னால் நிற்கும்படி வைத்திருந்தார். கரண்டு போனால் போச்சே என்று மாலையில் வரும் சீரியல்களின் மறு ஒளிபரப்புகளையும் சேர்த்துவிட்டிருந்தார். பதினொன்று முதல் பதினொன்றரை வரை ஒரு சீரியல். அதே சேனலில் அதற்கடுத்து இன்னொன்று. ஒன்று முடிந்துதானே மற்றது, ஒரு டியூனர் போதாதா என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் முதல் சீரியல் பதினொன்று முப்பத்தைந்து வரை இடத்தை விடாது. இரண்டாவது இருபத்தைந்துக்கே வந்து உட்கார்ந்துவிடும். ஆளுக்கொரு டியூனர். பெட்டியில் இருப்பதே இரண்டு. மூன்றாவதாக வந்த அப்பாவுக்கு இடமில்லை. நேற்று மாலையும் இதேதான் நடந்திருக்கிறது. ஊருக்கெல்லாம் நேரம் ஒதுக்கிய மனிதரை, அவர் ஒதுக்கிய நேரமே வெளியே நிறுத்திவிட்டது.

விரிப்பை விலக்கித் தலையை வெளியே நீட்டினாள். அப்பாவின் தலைமாட்டில் அம்மா, விடிந்ததிலிருந்து அழுது அழுது குரல் கட்டி உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, உன் சீரியல் ஒண்ணை நிறுத்தணும்."

"என் சீரியலா? நான் எங்கடி பாத்தேன். எனக்குன்னு சொல்லிக்கிட்டு அவர்தான் உக்காந்து பாப்பாரு." அம்மா மூக்கை உறிஞ்சினாள். "நிறுத்தாதே. அந்தப் பொண்ணுக்கு ஜாமீன் கிடைச்சுதான்னு நேத்துகூட என்னைக் கேட்டாரு."

"அதை நிறுத்தினாத்தான் அப்பாவைப் பாக்க முடியும்மா."

அம்மாவுக்குப் புரியவில்லை. அதற்குள் வாசலிலிருந்து அலாரம் அடித்தது.

"வண்டி இப்பவே வந்துடுச்சு. இதுக்கு மேல போனா ரோடு அடைச்சுக்கும். பிடிங்கப்பா, தூக்குங்க."

நாலு பேர் குனிந்தார்கள். அம்மாவின் கட்டிய தொண்டையிலிருந்து ஓர் ஓலம் கிளம்பியது. அதைத் தொட்டு அறை முழுவதும் அழுகை எழுந்தது. மணி பதினொன்று முப்பத்திரண்டு.

"தூக்காதீங்க," என்றாள் மகள். யாருக்கும் கேட்கவில்லை. விரிப்பைப் பிடித்து இழுத்துத் தரையில் போட்டாள். சித்தப்பா அவள் தோளைப் பிடித்தார். "உனக்கென்ன பைத்தியமா பாப்பா?" அவர் பிடித்த பிடியிலேயே இரண்டாவது சீரியலை நிறுத்தினாள், சேனலை மாற்றினாள், சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். பிறகு சத்தத்தைக் கடைசி வரை ஏற்றினாள்.

"...முப்பத்தோரு வருஷங்க," என்றார் அப்பா. எண்ணெய்க் கறை படிந்த சட்டையின் மேல் பொத்தானைக்கூட அன்று போட்டிருந்தார். "நான் பொருத்தின லிப்ட் ஒண்ணுகூட நடுவுல நின்னதில்லை."

பச்சைப் பொய். அவர் பொருத்திய லிப்டில் சித்தப்பாவே முக்கால் மணி நேரம் மாட்டிக்கொண்டிருக்கிறார். அதைச் சொல்லிச் சொல்லியே இருபது வருஷமாக அண்ணனை வாரியவர், இப்போது திரையையே பார்த்தார். அவள் தோளிலிருந்த கையை எடுத்துக்கொண்டார்.

"வீட்டுல என்ன சொல்றாங்க?" என்று ஒரு பெண் குரல் கேட்டது.

அப்பா கேமராவைப் பார்க்காமல் சிரித்தார். "வீட்டுல அவ பேசிக்கிட்டே இருப்பா, நான் கேட்டுக்கிட்டே இருப்பேன். எனக்கு வேற என்ன பொழுதுபோக்கு."

அம்மா அழுகையை அப்படியே விழுங்கினாள். அவள் பார்வை திரையிலிருந்து, ரெக்கார்டரில் எரிந்த சிவப்பு விளக்குக்குப் போனது. கையை உயர்த்தி எல்லோரையும் அடக்கினாள்.

"தம்பி, யாரும் சத்தம் போடாதீங்க," என்றாள் காற்றாக. "பதிவாகுது. நம்ம அழுகையும் அதுல விழுந்துடும்."

அப்படி ஒன்றும் விழாது. அறையில் என்ன சத்தம் கேட்டாலும் அது அந்தப் பெட்டிக்குள் போகாது. மகளுக்கு இது தெரியும். ஆனாலும் ரிமோட்டை ஓசைப்படாமல் தரையில் வைத்தாள்.

ஸ்ட்ரெச்சரைப் பாதி தூக்கியிருந்தவர்கள் அதை ஓசை வராமல் கீழே இறக்கினார்கள். சித்தப்பா கைக்குட்டையைச் சுருட்டிப் பல்லுக்கிடையில் வைத்துக்கொண்டார். யாரோ எழுந்து போய், கடகடத்துக்கொண்டிருந்த மின்விசிறியை நிறுத்தினார்கள். வண்டிக்காரர் ஹார்ன் அடித்துவிடப் போகிறாரென்று ஒருவர் நுனிக்காலில் வாசலுக்கு ஓடினார்.

டிவியில் அப்பா, கதவு ஏன் சில சமயம் மூடாமல் முரண்டு பிடிக்கிறது என்று விளக்கிக்கொண்டிருந்தார். அம்மா இரண்டு கையாலும் வாயை அழுத்திப் பொத்தியபடி, தோள் குலுங்க, துளிச் சத்தம் இல்லாமல் உட்கார்ந்திருந்தாள்.