நீல ஊசி

திருச்சுழிக்குப் பக்கத்தில் காளீஸ்வரன் மூன்று ஏக்கர் மிளகாய் போட்டிருந்தான். செடி தழைத்திருந்தும் பூ வைக்கவில்லை. உரக்கடையில் ‘பூ மருந்து’ என்று ஒரு லிட்டர் பாட்டில் கொடுத்தார்கள். உள்ளே இருந்தது நைட்ரோபென்சீன். பைக்கில் பின்னால் உட்கார்ந்த அவன் மனைவி தங்கலட்சுமி அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

மூடி சரியாக இறுகவில்லை. மிளகாய்க் காட்டில் வந்து இறங்கும்போது கால்வாசி மருந்து அவள் சேலையில் ஊறியிருந்தது. ஷூ பாலிஷ் போல ஒரு வாடை.

“வெயில்ல காஞ்சிரும்” என்று களையெடுக்கப் போய்விட்டாள்.

மத்தியானம் தலை வலிக்கிறது என்று வரப்பில் உட்கார்ந்தாள். தண்ணீர் கொண்டுபோன காளீஸ்வரன் திடுக்கிட்டான். நாவல்பழம் தின்றதுபோல உதடு கருநீலமாக இருந்தது. நகமும் அப்படித்தான்.

“ஏ தங்கம், என்ன செய்யுது?”

“மூச்சு வாங்குதுங்க.”

ஆட்டோ பிடித்து அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு ஓடினான். ஆக்சிஜன் வைத்தும் நீலம் போகவில்லை. டாக்டர் ரேணுகாதேவி அவள் ரத்தத்தில் ஒரு சொட்டை வெள்ளைத் துணியில் விட்டுப் பார்த்தார். சாக்லேட் நிறத்தில் இருந்தது. காற்றுப் பட்டும் சிவக்கவில்லை. குனிந்து சேலையை முகர்ந்தார்.

“இதுல என்ன கொட்டுச்சு?”

காளீஸ்வரன் சொன்னான்.

“சேலையக் கழட்டிட்டு சோப்புப் போட்டுக் கழுவுங்க” என்று நர்சை விரட்டினார். “அண்ணே, அது தோல் வழியா உள்ள போயிருச்சு. ரத்தத்துக்குக் காத்தைச் சுமக்குற சக்தி போச்சு.”

அவர் எடுத்த ஊசியில் மசி போன்ற கடும் நீலம். காளீஸ்வரன் குறுக்கே வந்தான்.

“நீலம் பாரிச்சுக் கெடக்கவளுக்கு நீலத்தையேவா?”

“பேசாமப் பாருங்க.”

மருந்து மெல்ல நரம்பில் இறங்கியது. அரைமணி நேரம் அவன் கண்ணை எடுக்கவில்லை. முதலில் கீழுதட்டின் நடுவில் சின்னதாக ஒரு சிவப்பு. பிறகு உதடு முழுக்க. பிறகு நகங்கள், ஒவ்வொன்றாக. விடிகிற வானத்தைப் பார்ப்பதுபோல அவன் வாய் பிளந்து நின்றான்.

“ஏங்க, பசிக்குது” என்றாள் தங்கலட்சுமி.

டாக்டர் சிரித்தார். “துணிச்சாயம், காய்ச்சல் மாத்திரை எல்லாத்துக்கும் நைட்ரோபென்சீன்தான் மூலச்சரக்கு. இந்த நீல மருந்தும் சாயமாப் பொறந்ததுதான். அந்தப் பூ மருந்தோட வம்சம்தான் இதுவும்.”

“கெடுத்ததும் அதுதான், காப்பாத்துனதும் அதோட பிள்ளையா?”

“ஆமாண்ணே.”

தட்டில் கிடந்த காலி ஊசிமருந்துக் குப்பியை அவன் எடுத்தான். விரல் பருமன்கூட இல்லை. அடியில் துளி நீலம் ஒட்டியிருந்தது. கண்ணில் ஒற்றிக்கொண்டு, உடைந்துவிடாமல் மெதுவாகத் திரும்ப வைத்தான்.