பெல்ட் ஓடிய திசை

காலையில் எழுந்ததும் அவன் முதலில் பீரோவை இருந்த இடத்துக்குத் தள்ளுவான். பிறகு மேஜையை, தண்ணீர்க் குடத்தை. அதன் பிறகுதான் பல் துலக்குவான். முந்தைய நாள் மாலை மனைவி பார்த்த சாமான்கள் எல்லாம் இடப்பக்கச் சுவரோரம் ஒதுங்கிக் கிடக்கும்.

அவளுக்கு மருந்துக் குப்பி செய்யும் ஆலையில் வேலை. வெள்ளை விளக்கின் முன்னால் பெல்ட்டில் குப்பிகள் இடமிருந்து வலமாக ஓடும். கீறல் விழுந்ததைப் பொறுக்கி எடுக்க வேண்டும். பெல்ட் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் எதிரே இருப்பவை இடப்பக்கம் நகர்வது போல அங்கே எல்லாருக்கும் தெரியும். அவள் பார்த்தால் நிஜமாகவே நகர்ந்தன. கண்ணை மூடினால் நின்றுவிடும். தெருவில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "தம்பி, எங்க பிரிட்ஜை அந்தாண்ட தள்ளணும். பொண்டாட்டியைக் கொஞ்சம் அனுப்பேன். கூலியாள்னா காபி வேற கேப்பான்" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா.

முதல் தடவை அவள் பார்த்தபோது கணவன் சாப்பாட்டுத் தட்டோடு சறுக்கிப் போய்ச் சுவரில் நெற்றியை இடித்துக்கொண்டான். அன்றிலிருந்து அவன் எதிரில் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். முதல் வருடம் சோறு ஆறுவதற்குள் அது தணிந்துவிடும். ஆலை பெல்ட்டின் வேகத்தைக் கூட்டியது. "கண்ணுதானேம்மா, தேஞ்சா போயிடும்?" என்றார் சூப்பர்வைசர். மூன்றாம் வருடம் மறுநாள் ஷிப்ட் வரை தணியவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் பெல்ட் ஓடியது. கணவன் மீசையை எடுத்துவிட்டதை அக்கா சொல்லித்தான் தெரிந்துகொண்டாள்.

ஒரு மாலை அவன் பொறுக்கமாட்டாமல் தன்னைக் கயிற்றால் ஜன்னல் கம்பியோடு இறுக்கிக் கட்டிக்கொண்டான்.

"இப்பப் பாரு. நான் எங்கயும் போகமாட்டேன்."

"கிறுக்கா உங்களுக்கு?" என்று சிரித்தாள். கண்ணைத் திறந்தாள்.

இருவரில் ஒருவர் நகர்ந்தாக வேண்டும் என்பது மட்டும் அவனுக்குத் தோன்றியிருக்கவில்லை. அவன் அசையவில்லை. அவள் உட்கார்ந்த நாற்காலியோடு வலப்பக்கம் நகர்ந்தாள், நிதானமாக, வாசலை நோக்கி. கண்ணை மூடியிருந்தால் நின்றிருப்பாள். மாதக்கணக்கில் பார்க்காத முகம், அவள் மூடவில்லை. மூடு என்று அவனும் கத்தவில்லை, அவள் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தான். முடிச்சை அவிழ்ப்பதற்குள் தெரு காலி.

ஆலை மறுநாளே அவள் ஸ்டூலில் வேறொருத்தியை உட்காரவைத்தது. இவள் இன்னும் நாற்காலியோடு போய்க்கொண்டிருக்கிறாள். லாரிக்காரர்கள் ஒதுங்கி வழி விடுகிறார்கள். போகும்போது 'உடம்பைப் பாத்துக்குங்க' என்று சொல்லிவிட்டுப் போனதாகத் தெருவில் பேசிக்கொள்கிறார்கள். அப்படி எதுவும் இல்லை. வாசல்படியைத் தாண்டும்போது அவள் கேட்டது இதுதான்:

"ஏங்க, கயிறு ஒண்ணுதான் இருந்துச்சா?"