முந்நூற்று நாற்பதாவது மீட்டர்

கைப்பேசி மூன்றாவது முறை அடித்தபோதுதான் அட்டவணை எடுத்தாள். நகரமைப்பு அலுவலகத்தில் எல்லோரும் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் அது. சாலை, வடிகால், மின்சாரம், குடிநீர் என்று நான்கு துறைகள். ஒன்று போட்ட தாரை இன்னொன்று வந்து தோண்டாவிட்டால் அவர்களுக்குத் தூக்கம் வராது. அந்த நான்கு பேரின் திட்டங்களையும் ஒன்பது மாதம் நாயாய் அலைந்து ஒரே தாளில் கொண்டுவந்தவள் அவள். ஐந்து வருடமாக வரைபடத்தில் பச்சைக் கோடாகப் படுத்துக் கிடந்த வடிகால், இன்று ஒன்பது மணிக்கு மண்ணில் இறங்கப் போகிறது.

"எங்க மேடம் இருக்கீங்க? முந்நூத்தி நாப்பதாவது மீட்டர்ல காத்துக்கிட்டு இருக்கோம்" என்றார் வடிகால் மேற்பார்வையாளர்.

"நானும் அங்கதான் நிக்கிறேன். புல்டோசர் வந்தாச்சு. நீங்கதான் லேட்டு."

"விளையாடாதீங்க மேடம். இங்க நானும் என் ஆளுங்களும் மட்டும்தான். வீடுகூட இன்னும் காலி பண்ணல."

அவள் திரும்பிப் பார்த்தாள். தெருவின் கீழ்க்கோடிப் பக்கம், வெகுதூரத்தில், மஞ்சள் தலைக்கவசம் போட்ட ஒருவர் கையை ஆட்டினார். அவள் கையிலிருந்த இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

சாலைக்காரர்கள் மேல்கோடி முச்சந்தியிலிருந்து அளப்பார்கள். வடிகால்காரர்கள் கீழ்க்கோடியிலிருக்கும் வாய்க்காலிலிருந்து, தண்ணீர் போய்ச் சேரும் முனையிலிருந்து அளப்பார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலிருந்தே அவளுக்கு இது தெரியும். தேதியை, கையெழுத்தை, நேரத்தையெல்லாம் மூன்று முறை சரிபார்த்தவள், வடிகால் தாளிலிருந்த முந்நூற்று நாற்பது என்ற அந்த ஒரு எண்ணை மட்டும் அப்படியே எடுத்துச் சாலைத் தாளில் எழுதிவிட்டாள். தெரு எண்ணூற்று இருபது மீட்டர். முச்சந்தியிலிருந்து அளந்தால் வடிகால் தெருவைக் கடக்கும் இடம் நானூற்று எண்பது. நூற்று நாற்பது மீட்டர் தள்ளி ஒரு வீட்டின் சுவரில் அவள் சிவப்புப் பெருக்கல் குறி போட வைத்திருக்கிறாள்.

அந்த வீட்டுத் தையல்காரி பக்கத்தில்தான் நின்றாள். நோட்டீஸ் கொடுத்தபோது சண்டை போட்டாள், அப்புறம் அழுதாள். கடைசியில் அட்டவணையே வந்து, "மழைக்கு இந்தத் தெருவே முழங்கால் தண்ணில நிக்குது அக்கா. உங்க வீடு ஒண்ணு போனா நூறு வீடு தப்பிக்கும்" என்று பேசிச் சம்மதிக்க வைத்தாள். இன்று காலையில் தையல்காரி வெறும் வீட்டை மூலை முடுக்கெல்லாம் பெருக்கி, கதவைப் பூட்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டாள். இடிக்கப் போகிற வீட்டை யாராவது பூட்டுவார்களா என்று புல்டோசர் ஓட்டுநர் சிரித்தார்.

"மேடம், பன்னெண்டு மணி வரைக்கும்தான் கரண்ட நிறுத்தி வெச்சிருக்காங்க. ஆரம்பிக்கவா?" என்று அதே ஓட்டுநர் இப்போது கத்தினார்.

இன்று நிறுத்தினால் நானூற்று எண்பதில் இருக்கும் வீட்டுக்குப் புதிதாக நோட்டீஸ், அதற்கு முப்பது நாள் கெடு. மழைக்கு மூன்று வாரம்கூட இல்லை. நிறுத்தாவிட்டாலோ, அவள் தவறு வெளியே வராது; இந்த வீட்டை இடித்ததற்கு 'கூடுதல் இடம் தேவைப்பட்டது' என்று கோப்பில் ஒரு வரி எழுதினால் போதும். அப்படிப்பட்ட வரிகளை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள், திட்டியுமிருக்கிறாள். இப்போது அதே வரி, நல்ல கையெழுத்தில், அவள் மனதுக்குள் தானாக எழுந்து வந்தது. அவளுக்குத் தன்னை நினைத்தே பயமாக இருந்தது.

அவள் வாய் மூடி நின்றதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு ஓட்டுநர் வண்டியை நகர்த்தினார். புல்டோசரின் முன்தகடு மதிலில் பட்டது. ஒரு பாளம் சுண்ணாம்பு பொலபொலவென்று உதிர்ந்தது.

"நிறுத்துங்க! நிறுத்துங்கன்னு சொல்றேன்ல!"

இயந்திரம் அடங்கிய பிறகும் அவள் கத்திக்கொண்டிருந்தாள்.

"என்ன மேடம் ஆச்சு?" என்றாள் தையல்காரி.

"உங்க வீடு இல்லக்கா. நான்தான் தப்பா குறிச்சிட்டேன். என் தப்புதான்."

தையல்காரி சந்தோஷப்படவில்லை. மதிலோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "ஒரு மாசமா நான் பொட்டுக் கண்ணு மூடலையே மேடம்" என்றாள். பிறகு தலையைத் தூக்கினாள். "அப்ப யாரு வீடு?"

அட்டவணை தாளை மடித்துக்கொண்டாள். கீழ்க்கோடியை நோக்கி நடந்தாள். பின்னாலேயே தையல்காரி, சாவியும் கையுமாக.

மேற்பார்வையாளர் தரையில் சாக்கட்டியால் அம்புக்குறி போட்டு வைத்திருந்தார். அது காட்டிய இடத்தில் சைக்கிள் கடை. கடைக்குப் பின்னாலேயே கடைக்காரரின் வீடு. வாசலில் தொங்கிய டயர்களுக்குக் கீழே தையல்காரியின் தையல் மிஷினும் மூட்டை முடிச்சுகளும் ஒழுங்காக அடுக்கியிருந்தன. மிஷின் மேல் தூசி படாமல் ஒரு துணி வேறு போர்த்தியிருந்தது. வடிகால் ஆட்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த கடைக்காரர், கையிலிருந்த கிரீஸைத் துடைத்தபடி வெளியே வந்தார்.

"என்ன தங்கச்சி, முடிஞ்சுதா? மனசப் போட்டுக் குழப்பிக்காத. மாத்து வீடு வர்ற வரைக்கும் இங்கயே இரு. நான் இருக்கேன்ல?" என்றார். பிறகு அட்டவணையைப் பார்த்து, "ஒருவழியா வடிகாலக் கொண்டாந்துட்டீங்க மேடம். இந்த வருஷமாவது தண்ணி உள்ள வராது" என்றார்.

மேற்பார்வையாளர் தாளைப் புரட்டினார். தையல்காரி அம்புக்குறியைப் பார்த்தாள், அது காட்டிய கதவைப் பார்த்தாள். பிறகு இரண்டு அடி நகர்ந்து வந்து, அந்தச் சாக்கட்டிக் கோட்டின் மேல் இரண்டு பாதங்களையும் சேர்த்து வைத்து நின்றுகொண்டாள்.