பின்கதவு மூடாத வண்டி

டால்டன் அந்த வண்டியை முதன்முதலாக எங்கள் முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்தியபோது நான் மாடுகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தேன். வாளியைக் கீழே வைக்கவில்லை. வைத்திருந்தால் அதற்கு மரியாதை கொடுத்தது போல ஆகியிருக்கும்.

கறுப்பு வண்டி. மூக்கு என் நெஞ்சு உயரத்தில் இருந்தது. அவன் கதவைத் திறந்ததும் ஒரு படி தானாகக் கீழே இறங்கியது, ஓட்டல்காரன் குனிந்து கும்பிடுவது போல. நான்கு கதவுகள், தோல் இருக்கைகள், ஆள் முகம் தெரியாத கறுப்புக் கண்ணாடிகள். வண்டியின் நீளத்தை எல்லாம் உட்காரும் இடமே தின்றுவிட்டிருந்தது. மிச்சத்தில், பிக்கப் என்று பெயர் சொல்ல, சாமான் ஏற்றும் ஒரு தொட்டி. அதற்கும் மூடி போட்டுப் பூட்டியிருந்தான். எனக்காகத் திறந்து காட்டினான். உள்ளே கால்ஃப் மட்டைகள் வைத்த ஒரு பை கிடந்தது. ஒரு வைக்கோல் துரும்பு இல்லை.

"எப்படி இருக்கு சித்தப்பா? இந்த வட்டாரத்துலயே இதுதான் பெரிசு."

"எதுக்கு?"

"எதுக்குன்னா?"

"எத ஏத்தப் போற இதுல?"

"எத வேணா ஏத்தலாம். ஒரு வீட்டையே கட்டி இழுக்கும்!"

டால்டன் என் அண்ணன் ஆன்சலின் ஒரே மகன். அமரில்லோவில் காப்பீடு விற்கிறான். நாற்பது வயதில் அவன் இழுத்துக்கொண்டு திரிவது அவனுடைய வயிற்றை மட்டும்தான்.

வண்டியைச் சுற்றிப் பின்பக்கம் போனேன். பம்பருக்குக் கீழே, ரப்பரில் செய்த காளை விதைகள் இரண்டு தொங்கிக்கொண்டிருந்தன. சிவப்பு நிறத்தில், தேங்காய் அளவில்.

"என்னடா இது?"

"சும்மா தமாசுக்கு சித்தப்பா. எல்லாரும் மாட்டுறாங்க."

சின்ன வயதிலிருந்து கன்றுகளுக்கு விதை எடுக்கிறவன் நான். அதற்கான கத்தி இப்போதும் என் இடுப்பில்தான் இருக்கிறது. எங்கள் தாத்தா இந்த டெக்சாஸ் மண்ணுக்கு வந்து மாடுகளுக்குப் போட்ட சூட்டு முத்திரையைப் பதித்த வாசலில் நின்றுகொண்டு இதைப் பார்க்க வேண்டியிருந்தது. வாளியை எடுத்துக்கொண்டு தொழுவத்துக்குப் போய்விட்டேன்.

அவன் அந்த வண்டியை வாங்குவதற்கு எதைக் கொடுத்தான் என்பது எனக்கு அப்போது தெரியாது. ஆன்சலின் பழைய வெள்ளை பிக்கப்பைக் காணோம் என்பதைக் கவனித்தேன். இரண்டே கதவு, நீளமான தொட்டி, ஒவ்வொரு நெளிசலுக்கும் ஒரு கதை உண்டு. ஆன்சல் படுக்கையில் விழுந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. படுத்தபடியே சன்னல் வழியாக முற்றத்தைப் பார்ப்பார்.

"டேய் ஈவல், என் வண்டி எங்கடா?" என்று என்னைக் கேட்டார்.

"டால்டன்தான் எடுத்துட்டுப் போனான் அண்ணே."

டால்டன் கதவருகே நின்று, "பட்டறையில விட்டிருக்கேன்பா" என்றான். கண்ணிமைக்காமல் சொன்னான்.

"சீக்கிரம் கொண்டு வரச் சொல்லு. எனக்கு அது வேணும்." பிறகு ஆன்சல் என் மணிக்கட்டைப் பிடித்தார். "நீதான சாத்தணும்?"

"நான்தான் அண்ணே."

எங்கள் கெட்லர் குடும்பத்தில் பிணத்தைச் சவ வண்டியில் ஏற்றுவதில்லை. தாத்தாவை, அப்பாவை, இரண்டு பெரியப்பாக்களைத் தேவாலயத்திலிருந்து எங்கள் பண்ணை இடுகாட்டுக்கு வீட்டு பிக்கப்பின் தொட்டியில்தான் கொண்டு போனோம். உயிரோடிருக்கிற ஆண்களில் மூத்தவன் தன் கையால் பின்கதவைச் சாத்த வேண்டும். சாத்தாமல் வண்டி நகரக் கூடாது. பின்கதவைத் திறந்து போட்டபடி ஓட்டுவது, செத்த மாட்டை எலும்பு ஆலைக்கு அனுப்பும்போதுதான். ஒரு கெட்லரை அப்படி அனுப்பியதே இல்லை.

ஒரு வாரம் கழித்து அந்த வெள்ளை வண்டியை நான் சாலையில் பார்த்தேன். எதிரே வந்தது. ஓட்டியவன் ப்யூஃபர்ட் ராக்லி.

எங்கள் பக்கத்துப் பண்ணை ராக்லிகளுடையது. மழையே இல்லாத ஒரு வருடம் ப்யூஃபர்ட்டின் அப்பன் எங்கள் வேலியை வெட்டி, அவன் மாடுகளை எங்கள் குளத்தில் இறக்கினான். எங்கள் கன்றுகள் சேற்றை நக்கிச் செத்தன. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் ஒரு ராக்லியோடு பேசியதில்லை. இங்கே சாலையில் எதிரே வரும் எவனுக்கும் ஸ்டீயரிங்கில் இருந்து ஒரு விரலையாவது தூக்கி வணக்கம் சொல்வது வழக்கம். ராக்லிகளுக்கு நாங்கள் தூக்குவதில்லை. ப்யூஃபர்ட் மட்டும் என்னைக் கண்டால் வேண்டுமென்றே விரலைத் தூக்கிச் சிரிப்பான். அன்றும் என் அண்ணனின் வண்டிக்குள் உட்கார்ந்து விரலைத் தூக்கினான்.

அப்பன் உயிரோடிருக்கும்போதே அவர் வண்டியைப் புது வண்டிக்கு ஈடாக விற்பனைக்காரனிடம் கொடுத்துவிட்டான் டால்டன். அது போய்ச் சேர்ந்த இடம் இது. ஆன்சலிடம் நான் சொல்லவில்லை. சாகப்போகிறவர் வாயில் எதற்குக் கசப்பை ஊற்ற வேண்டும்?

அக்டோபரில் ஆன்சல் போய்ச் சேர்ந்தார்.

"வண்டிக்குக் கவலையே படாதீங்க சித்தப்பா, என்னோடதுல கொண்டு போவோம்" என்றான் டால்டன். எனக்கு அந்த ரப்பர் நினைவுக்கு வந்தது. அதைக் கழற்றிவிடு என்றேன். சரி என்றான். தொட்டிக்குள் ஆன்சல் கொள்வாரா என்று நான் கேட்கவில்லை. பிக்கப் வைத்திருப்பவனிடம் உன் வண்டியில் ஓர் ஆளைப் படுக்க வைக்க முடியுமா என்று இந்தப் பக்கத்தில் எவனும் கேட்க மாட்டான். அது அவன் முகத்தில் துப்புவது போல.

பாதிரியார் பேசி முடித்து ஆறு பேர் பெட்டியைத் தூக்கி வெளியே வந்தோம். ஆறில் நான்கு பேர் எழுபதைத் தாண்டியவர்கள். வாசலில் அந்தக் கறுப்புப் பூதம் மெழுகு பூசிப் பளபளத்துக்கொண்டு நின்றது. தொட்டி மூடியை மட்டும் கழற்றியிருந்தான், ரப்பர் அப்படியே தொங்கியது. டால்டன் சாவியிலிருந்த பொத்தானை அழுத்தினான். ஒரு சின்ன இசையோடு பின்கதவு தானாகக் கீழே இறங்கியது.

அந்த உயரத்துக்குப் பெட்டியைத் தூக்க எங்கள் தோள்கள் ஒத்துழைக்கவில்லை. கால் பக்கம் சரிந்தது. உள்ளே ஆன்சல் நகரும் சத்தம் எனக்குக் கேட்டது. எப்படியோ ஏற்றித் தள்ளினோம். பெட்டி முன்பக்கச் சுவரில் முட்டி நின்றது. ஒன்றரை அடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"குறுக்குவாட்டுல திருப்புங்க" என்றான் டால்டன்.

திருப்பிப் பார்த்தார்கள். தொட்டியின் ஓரங்களில் உரசி முன்பைவிட மோசமாக மாட்டிக்கொண்டது. திரும்ப நேராக்கினார்கள். வண்டிக்குள்ளிருந்து டிங், டிங் என்று மணி அடிக்கத் தொடங்கியது. பின்கதவு திறந்திருக்கிறது என்று வண்டியே ஊருக்கு அறிவித்துக்கொண்டிருந்தது.

"பரவால்ல சித்தப்பா. கதவு மூடலேன்னா என்ன? கயிறு போட்டு இழுத்துக் கட்டிடலாம்." அவன் இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு துணியை உருவினான். "நுனியில இந்தச் செவப்புத் துணியக் கட்டிட்டா போலீஸ்காரனும் ஒண்ணும் சொல்ல மாட்டான்."

மரக்கட்டை ஏற்றுகிறவன் கட்டும் துணி. அதை அவன் அப்பனின் காலடியில் கட்டப் போனான். கூட்டத்தில் யாரோ சிரிப்பை அடக்கிக்கொண்டு இருமினார்கள்.

"அதத் தொடாத" என்றேன். "இறக்குங்க."

"இறக்கி எங்க சித்தப்பா வைக்கிறது?"

தெருவுக்கு அந்தப் பக்கம் வெள்ளை வண்டி நின்றிருந்தது. அதன் மேல் சாய்ந்துகொண்டு, தொப்பியைக் கையில் பிடித்தபடி ப்யூஃபர்ட் ராக்லி நின்றான். ஒரு கெட்லரின் சாவுக்கு ராக்லி உள்ளே வர முடியாது. பக்கத்துப் பண்ணைக்காரன் சாவுக்கு வராமலும் இருக்க முடியாது. அதனால் தெருவுக்கு அப்பால்.

ஊர் மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்க நான் தெருவைக் கடந்தேன். என் முதுகு வளையாமல் பார்த்துக்கொண்டேன்.

"ராக்லி."

"அடேயப்பா, பேச்சு வருதே பெரியவருக்கு! ஊமையோன்னு நெனச்சிட்டிருந்தேன்."

"எனக்கு வண்டி வேணும்."

"தெரியும். காலையிலயே வேலிக் கம்பியையும் மாட்டு உப்புக் கட்டியையும் எறக்கிட்டுத் தொட்டியக் கழுவி வெச்சிட்டேன்."

"உனக்கு யார் சொன்னா?"

"யாரு சொல்லணும்? உங்க பையன் வண்டிய ஊரே பாத்துச்சு. அதுல ஆன்சல் கொள்ள மாட்டார்னு தெரியாதது உங்க ஒருத்தருக்குத்தான்."

கையை நீட்டினேன். "சாவியக் குடு."

"சாவி தர மாட்டேன். இப்ப அந்தக் கிளட்சுக்கு என் கால்தான் பழக்கம். நான் ஓட்டுறேன், நீங்க பக்கத்துல ஏறுங்க."

ஒரு ராக்லி, ஒரு கெட்லரை இடுகாட்டுக்கு ஓட்டிப்போவது. எங்கள் அப்பா கேட்டிருந்தால் பெட்டியைத் தோளில் சுமந்தே பதினோரு மைல் நடந்திருப்பார். என்னோடு பெட்டி தூக்கிய கிழத் தோள்களை நான் திரும்பிப் பார்த்தேன். டால்டன் கையில் அந்தச் சிவப்புத் துணி இன்னும் இருந்தது.

"வண்டியத் திருப்பு" என்றேன்.

பெட்டி வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. அதற்குப் பிறகும் ஒரு சாண் இடம் மிச்சம் இருந்தது. பின்கதவின் இடது மூலையைச் சற்றுத் தூக்கி, இடுப்பால் ஓர் இடி கொடுத்தால்தான் அது பூட்டும். ஆன்சல் அதைச் சரிசெய்ததே இல்லை. என் கைக்கும் இடுப்புக்கும் அது நினைவிருந்தது. கதவு சாத்திக்கொண்ட சத்தம் தெருக்கோடி வரை கேட்டது. அண்ணனுக்குச் சொன்ன சொல் அதோடு நிறைவேறியது.

பிறகு கறுப்பு வண்டியின் பின்னால் போய்க் குனிந்து, கத்தியை எடுத்து, அந்த ரப்பரை அறுத்தேன். கன்றாக இருந்தால் துள்ளியிருக்கும். டால்டனின் உள்ளங்கையில் வைத்தேன்.

"சித்தப்பா, எல்லாரும் பாக்குறாங்க!"

"பாக்கட்டும். இதுக்குத்தான மாட்டின?"

ராக்லியின் வண்டிக்குள் ஏறினேன். ஒரு காகிதக் குவளை நிறையப் புகையிலை எச்சில் என் முழங்காலுக்குப் பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தது. மூக்கைச் சுளித்துக்கொண்டேன். எதிரே வந்த வண்டிகள் ஒவ்வொன்றும் ஓரம் கட்டி நின்றன. ஆண்கள் இறங்கித் தொப்பியைக் கழற்றினார்கள். ராக்லி ஒவ்வொருவருக்கும் விரலைத் தூக்கினான்.

"நீங்களும் தூக்கலாமே பெரியவரே. கையில வாதமா?"

நான் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச தூரம் போன பிறகு தூக்கினேன். அவனுக்காக அல்ல. தொப்பியைக் கழற்றியவர்களுக்காக.

பண்ணை வாசலைத் தாண்டினால் மணல் தடம், இரு பக்கமும் முள்மரம். வெள்ளை வண்டி முள்ளைக் கீறிக்கொண்டு உள்ளே போனது. பின்னால் திரும்பிப் பார்த்தேன். கறுப்பு வண்டி வாசலிலேயே நின்றுவிட்டது. மேடு பள்ளம் எதிலும் ஏறும் என்று விளம்பரம் செய்து விற்ற வண்டி, பூச்சில் கீறல் விழும் என்று தார்ச்சாலையை விட்டு இறங்கவில்லை.

டால்டன் நடந்து வந்தான். புதுப் பூட்ஸில் மணல் ஏறி, நொண்டிக்கொண்டு. அவன் வந்து சேர்வதற்குள் செபம் முடிந்து, பெட்டியைக் குழியில் இறக்கியாகிவிட்டது. முதல் பிடி மண் மகன் போட வேண்டியது. காத்திருந்து பார்த்துவிட்டு நான் போட்டேன்.

எல்லோரும் கிளம்பிய பிறகு ராக்லி வண்டியில் சாய்ந்தபடி குவளையில் துப்பினான்.

"வேணும்னா இத நீங்களே எடுத்துக்குங்க. நான் என்ன குடுத்தேனோ அதக் குடுங்க, போதும்."

"வேண்டாம். ஒழுங்கா வேலைக்கு வெச்சிருக்கிற. உன்கிட்டயே இருக்கட்டும்."

"அப்புறம் உங்க நாள் வந்தா என்ன பண்ணுவீங்க?"

"நீ கொண்டு வருவ."

அவன் தலையைச் சொறிந்தான். "நான் முந்திக்கிட்டா?"

"நான் ஓட்டுறேன். கிளட்ச் எனக்கும் பழக்கந்தான்."

"சரி, நீங்களே முந்துறீங்கன்னு வைங்க. பின்கதவ யாரு சாத்துறது? அது உங்க வீட்டு ஆள் செய்யற வேல இல்ல?"

தூரத்தில் வாசலுக்கு வெளியே டால்டன் திரும்பிப் போய்ச் சேர்ந்திருந்தான். கழுத்திலிருந்த கறுப்பு டையை உருவி, கதவில் படிந்த மணலைத் துடைத்துக்கொண்டிருந்தான். மெதுவாக, வட்டம் வட்டமாக, குழந்தைக்கு முகம் துடைப்பது போல.

நான் வெள்ளை வண்டியின் பின்னால் போய் நின்றேன்.

"இங்க வா" என்றேன் ராக்லியிடம். "இடது மூலையத் தூக்கி, இடுப்பால இடிக்கணும். எங்க, ஒரு தடவ சாத்திக் காட்டு."