ஃபிலிம் டப்பா ரிமோட்

என் கேமராவுக்கு ஒரு ரிமோட் வேண்டியிருந்தது. கம்பெனி ரிமோட் என்றால் இரண்டாயிரத்துச் சொச்சம். சைனாவில் செய்த நகல் நானூற்றைம்பது. இரண்டில் எதை வாங்கவும் எனக்கு வசதி இருந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாவம், கையில் இல்லாதவன் செய்த காரியம் என்று யாரும் எனக்காகப் பரிந்து பேச வேண்டாம்.

2008ஆம் வருடம். லாஸ்பேட்டையில் ஓர் அரசு அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தேன். மூலக்குளத்தில் வீடு. லென்ஸைக் கழற்றி மாட்டுகிற ரகத்தில் ஒரு டிஜிட்டல் கேமராவை வீட்டில் யாரையும் கேட்காமல் வாங்கியிருந்தேன். ஞாயிறு விடியலில் கடற்கரையில் என்னைப்போல ஏழெட்டுப் பேர் ஸ்டாண்டை விரித்துக்கொண்டு நிற்போம். எல்லோருக்கும் அப்போது ஒரே பைத்தியம்தான். ஷட்டரை அரை நிமிடம் திறந்து வைத்து, அலையெல்லாம் புகையாகத் தெரிகிற மாதிரி எடுக்க வேண்டும். அவ்வளவு நேரம் விரலால் பட்டனை அழுத்திக்கொண்டிருந்தால் கேமரா ஆடும், படம் கலங்கிவிடும். அதற்குத்தான் ரிமோட். கேமராவின் பக்கவாட்டில் ஒரு சின்னத் துளை இருக்கும். அதில் ஒயரைச் செருகிவிட்டு, இந்தப் பக்கம் இருக்கிற பட்டனை அழுத்தினால் போதும்.

அலுவலகத்தில் எனக்கு எதிர் மேஜை பிரேம்குமார். அவனும் கடற்கரைக் கூட்டத்தில் ஓர் ஆள். தனக்குக் கம்பெனி ரிமோட்டையே வாங்கி, எனக்குக் காட்டுவதற்காக என் மேஜைமேல் வைத்தான்.

"ஒங்களுக்கு இதெல்லாம் எதுக்கு சார்? சைனா ஒயர் நானூத்தம்பதுக்கு வருது. வாங்கி மாட்டிட்டு வேலைய பாருங்க" என்றான்.

நல்லதைத்தான் சொன்னான். எனக்குத்தான் சுருக்கென்றது. 'ஒங்களுக்கு' என்று அவன் சொன்னதில் என்னவோ இளக்காரம் இருப்பதாகப் பட்டது. "பைசா செலவில்லாம நானே பண்ணிக் காட்டறேன், பாரு" என்று பிரிவு முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டேன். என் வாய் எப்போதும் இப்படித்தான். அது ஒன்றைச் சொல்லிவிடும், பிறகு கையும் காலும் அதன் பின்னால் ஓட வேண்டும்.

பிரவுசிங் சென்டரில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து வழியைக் கண்டுபிடித்தேன். பழைய செல்போன் ஹெட்செட்டின் முனையில் செருகுவதற்கு இருக்கிற பின்னும் கேமராவின் துளையும் ஒரே அளவு. ஹெட்செட்டை வெட்டினால் உள்ளே மூன்று ஒயர் இருக்கும். அவற்றை ஒரு சுவிட்சில் சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது. அந்த அளவு பின் உள்ள ஹெட்செட் எங்கள் வீட்டில் ஒன்றே ஒன்று இருந்தது. அது என் அப்பாவுடையது.

அப்பா சாமிக்கண்ணு முப்பத்தோரு வருடம் மில்லில் தறி ஓட்டியவர். தறிச் சத்தம் அவருடைய இரண்டு காதையும் தின்றுவிட்டது. ஆனால் எதிரில் உட்கார்ந்து பேசுகிறவர்களுக்கு அது தெரியாது. தறிக்கூடத்தில் கத்தினாலும் கேட்காது என்பதால் அங்கே குரலே இல்லாமல் வாயை மட்டும் அசைத்துப் பேசிக்கொள்வார்களாம். அடுத்தவர் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வார்களாம். அந்தப் பழக்கத்தில் அப்பா வீட்டிலும் எங்கள் வாயைப் பார்த்தே எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிடுவார். கடைத்தெருவில் பேரம்கூடப் பேசுவார். அவருக்குக் காது கேட்காது என்பது எங்களுக்கே மறந்துபோயிருந்தது.

போனில் மட்டும் அந்த வித்தை பலிக்காது. என் தங்கை தாமரைச்செல்வி சூரத்தில் இருந்தாள். மாப்பிள்ளைக்கு அங்கே தறி மெஷின் ஃபிட்டர் வேலை. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அப்பாவின் செல்லுக்குக் கூப்பிடுவாள். செல்லைக் காதில் வைத்தால் அப்பாவுக்கு ஒன்றும் கேட்காது. ஹெட்செட்டை இடது காதுக்குள் அழுத்திச் செருகி, உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, சத்தத்தை முழுசாக வைத்தால் மகள் பேசுவது கேட்கும். காது மெஷின் கீச்சிடுகிறது என்று கழற்றிப் போட்டவர், இந்த ஒயரை மட்டும் காலண்டர் ஆணியில் பத்திரமாக மாட்டி வைத்திருப்பார். அம்மா இறந்த பிறகு தாமரை மனசுவிட்டுப் பேசுவது அவரிடம்தான்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் செவ்வாய்க்கிழமை, அவர் கடைக்குப் போயிருந்த நேரத்தில், ஆணியிலிருந்து அதை எடுத்தேன். ஞாயிறுக்கு இன்னும் நாலைந்து நாள் இருக்கிறது, அதற்குள் வேறொன்று வாங்கி மாட்டிவிடலாம் என்று நினைத்தேன். ஒயரைப் பாதியில் வெட்டி, சீவி, பழைய ஃபிலிம் டப்பாவில் ஓட்டை போட்டு, உள்ளே ஒரு டார்ச் லைட் சுவிட்சை வைத்து முறுக்கினேன். கேமராவில் செருகி அழுத்தியதும் ஷட்டர் 'க்ளக்' என்று திறந்தது. நிஜமாகவே துள்ளிக் குதித்தேன். என் மனைவி சுலோசனா எட்டிப் பார்த்து, "என்னாங்க, லாட்டரியா?" என்றாள்.

மறுநாள் நேரு வீதியில் ஒரு செல்போன் கடையில் கேட்டேன். "அந்த பின்னு இப்ப வர்றதில்ல சார், எல்லாம் மாறிப்போச்சு" என்றார்கள். இன்னும் நாலு கடை ஏறி இறங்கியிருக்கலாம். வெயிலாக இருந்தது, வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை மாலை அப்பா காலண்டரைத் தூக்கிப் பார்த்தார். பிறகு சட்டைப் பைகளில் கைவிட்டுத் துழாவினார். பாயை உதறினார். நான் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். என்ன தேடுகிறார் என்று நான் கேட்கவில்லை. அவரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அப்போதே சொல்லியிருந்தால் இரண்டு திட்டோடு போயிருக்கும். சனிக்கிழமையும் தேடினார். அப்போதும் பேப்பரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு விடியலில் கடற்கரையில் என் ஃபிலிம் டப்பாவை ஆளுக்கு ஆள் கையில் வாங்கிப் பார்த்தார்கள். "பொழைக்கத் தெரிஞ்சவர் சார் நீங்க" என்றான் பிரேம்குமார். தலைகால் புரியாமல் வீடு திரும்பி, வராந்தாவில் உட்கார்ந்து படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து மணிக்கு உள்ளே அப்பாவின் செல் அடித்தது. சட்டைப் பையில் அது அதிர்ந்ததை வைத்து எடுத்திருப்பார். படத்தை விட்டுவிட்டு உள்பக்கம் காதைக் கொடுத்தேன். ஆனால் அவர் வழக்கம்போலத்தான் பேசினார். "ஆமாம்மா... சரிம்மா..." கொஞ்சம் விட்டு, "சந்தோஷம்மா. ரொம்ப சந்தோஷம். ஒடம்ப பாத்துக்கோ" என்றார். பரவாயில்லை, ஹெட்செட் இல்லாமலே சமாளிக்கிறார் என்று நான் மறுபடி படத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

பத்து நிமிடத்தில் என் செல் அடித்தது. தாமரை.

"அண்ணா, அப்பாவுக்கு எம்மேல எதுனா கோவமா?"

"இல்லியே. ஏன்?"

"மூணு மாசம் உண்டாயிருந்தேன்ணா. நெலைக்கட்டும், அப்புறமா சொல்லிக்கலாம்னு யார்கிட்டயும் சொல்லல. புதன்கெழம கலைஞ்சிடுச்சி." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அப்பாகிட்ட சொல்லி அழுவறேன். அவரு சந்தோஷம்ங்கிறாரு. ரொம்ப சந்தோஷம்னு சொல்றாருண்ணா."

"அவருக்குக் கேக்கல தாமரை" என்றேன்.

"ஏன், ஒயர மாட்டிக்கலியா?"

அந்த இடத்திலாவது நான் மனுஷனாக இருந்திருக்கலாம். "அது... எங்கியோ காணோம்" என்றேன்.

"நீ கொஞ்சம் தேடிக் குடுக்கக் கூடாதாண்ணா?"

"தேடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

உள்ளே அப்பா செல்லை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார். "பாப்பா பேசுச்சிடா. இன்னிக்கி ரொம்ப நேரம் பேசுச்சி."

அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தேன். கத்திச் சொல்லத் தேவையில்லை. 

"தாமரைக்குக் கொழந்த உண்டாயி, கலைஞ்சிடுச்சிப்பா."

சிரிப்பு உடனே போகவில்லை. "இன்னொரு தரம் சொல்லு" என்றார். சொன்னேன்.

"அதையா எங்கிட்ட சொன்னா?"

தலையாட்டினேன்.

"நான் சந்தோஷம்னு சொன்னேன்டா." செல்லை எடுத்துப் பார்த்தார், திருப்பி மடியில் வைத்தார். "எனக்கு ஒண்ணுமே கேக்கல. எப்பவும் நல்லதுதான சொல்லுவா, சும்மா சொல்லி வெச்சேன். அந்த ஒயர எங்கியோ தொலைச்சிட்டேன்டா. நாலு நாளா தேடறேன். ஒங்கிட்ட கேட்டா, ஒரு பொருள வெச்சிக்கத் துப்பில்லன்னு நெனப்பியோன்னு கேக்கல."

"நீ தொலைக்கலப்பா" என்றேன். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன்.

"மூஞ்ச தூக்கிச் சொல்றா. என்ன சொல்றன்னு தெரியல."

தப்பு செய்தவனுக்குத் தலைகுனிந்து நிற்கிற வசதியாவது உண்டு. எனக்கு அதுவும் இல்லை. நிமிர்ந்தேன். அவர் கண் என் உதட்டின்மேல் இருந்தது. நான்தான் எடுத்தேன் என்றேன். கேமராவுக்காக வெட்டினேன் என்றேன். அவர் தேடியதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன் என்பதையும் சொன்னேன். ஒவ்வொரு வார்த்தையையும் அவர் படிக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

நான் முடிக்கிறவரைக்கும் பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"மன்னிச்சிடுப்பா" என்றேன். அதற்குப் பிறகும் என்னென்னவோ சொன்னேன். எல்லாம் சமையலறையில் இருந்த சுலோசனாவுக்குத்தான் கேட்டது.