கைமாறி வந்த பாட்டில்

குடிக்க நல்ல தண்ணீர் வேண்டும் என்று ஊர் ஊராக நடந்த தொடர் ஓட்டத்தில் கடைசி ஆளாக ஓடியவள் ஒரு பஸ் கண்டக்டர். குச்சிக்குப் பதில் ஒரு பிளாஸ்டிக் பாட்டில்தான் கைமாறிக் கைமாறி வந்தது. ஓட்டம் தொடங்கிய அன்று மலைச்சுனையில் பிடித்த தண்ணீர். மேடையில் தலைவர் குடிக்கும்வரை யாரும் திறக்கவே கூடாது என்பது அமைப்பாளரின் கட்டளை.

வழியெல்லாம் பல நாள் வெயிலில் வெந்து, அது பாசி பிடித்துக் கிடந்தது. மூடியோரம் கசிந்து அவள் கையெல்லாம் அழுகல் நாற்றம்.

"சார், தண்ணி கெட்டுப்போச்சு. மாத்திடலாம்."

"அதையெல்லாம் யாரு பார்க்கப்போறா? நீங்க சிரிச்சிக்கிட்டே ஓடுங்க," என்றார் ஜீப்பில் கூடவே வந்த அமைப்பாளர், ஐஸ் போட்ட ஜூஸை உறிஞ்சியபடி.

மேடையில் மூடியைத் திறந்த தலைவருக்கு முகம் அஷ்டகோணலானது. எதிரே கேமரா. சட்டென்று பல்லைக் காட்டிவிட்டு, முன்வரிசையில் காலிக் குடத்தோடு உட்கார வைத்திருந்த உள்ளூர்ப் பெண் ஒருத்தியிடம் பாட்டிலை நீட்டினார்.

"முதல் மடக்கு மக்களுக்குத்தான். குடிங்கம்மா!"

த்தூ, இதுவும் ஒரு பிழைப்பா என்று கண்டக்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பெண் மோந்து பார்த்தாள். முகம் சுளிக்காமல் வாயருகே கொண்டுபோனாள். கண்டக்டர் பாய்ந்து பாட்டிலைப் பிடுங்கினாள்.

"ஐயோ, குடிக்காதீங்கக்கா, நாறுது!"

"ஏம்மா பதறுற? எங்க குழாய்ல தினமும் இதேதான் வருது. இதைத் தூக்கிக்கிட்டா இவ்வளவு தூரம் ஓடி வந்தே?"